எந்தக் கிளையில் அமர்வது?

கம்பனையும் புதுமைப்பித்தனையும் பேசக் கூடும் இவ்விடத்தில் ரவுட்டரையும் சுவிட்சையும் பற்றி ஒரு கட்டுரையா என்று புருவம் உயர்த்துவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். எங்கள் குழுவினர் ஐவர். அவருள் இருவருக்குச் சோறு போடுவது கணினி வலையமைப்புத் துறை. ஒருவர் தமிழ்ப் பேராசிரியர், ஒருவர் வங்கி அலுவலர், மற்றவர் ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர். மாதந்தோறும் கூடிப் படிக்கிறோம், படித்ததை எழுதுகிறோம். கடந்த மாதம் படித்ததை எழுத விடாமல் ஓர் இளைஞர் எங்களைத் தடுத்துவிட்டார். தடுத்தவர் மீது வருத்தமில்லை. அவர் கேட்ட கேள்விக்கு நாங்கள் சரியாக விடை சொல்லவில்லை என்பதே வருத்தம். அந்த விடையைத்தான் இங்கே எழுத முனைகிறோம்.

அவர் விருதுநகர் மாவட்டத்துக்காரர். மின்னணுத் தொடர்பியல் பொறியியல் முடித்து ஓராண்டாகிறது. தாயாரின் வளையல்களை அடகு வைத்துச் சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் வலையமைப்பின் அடிப்படைப் பாடத்தில் சேர்ந்திருக்கிறார். பாடம் பாதி நடந்துகொண்டிருக்கும்போதே நிலையத்தின் ஆலோசகர் அழைத்து, 'ஸ்பெஷலைசேஷன்' ஒன்றை மாத இறுதிக்குள் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டிவிட்டால் தள்ளுபடி உண்டு, தவறினால் முழுக் கட்டணம் என்று சொல்லிவிட்டாராம். தேநீர் வந்ததும் எங்களிடம் கேட்டார்: "செக்யூரிட்டி எடுக்கறதா, கிளவுட் எடுக்கறதா அண்ணா? எதுல ஸ்கோப் அதிகம்?"

எங்களுள் துறை சார்ந்த இருவரும் உடனே களத்தில் இறங்கிவிட்டோம். ஒருவர் பாதுகாப்புத் துறை என்றார். மற்றவர் மேகக் கணிமை என்றார். அரைமணி நேரம் வாதம் நடந்தது. இளைஞர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் பேராசிரியர், "தம்பி இதுவரைக்கும் ஒரு பழுதையாவது தன் கையால சரி செஞ்சிருக்காரா?" என்று கேட்டார். துறை அறியாதவர் கேட்கும் கேள்வி என்று சிரித்தோம். இளைஞர் மட்டும் சிரிக்கவில்லை. "இல்லைங்க ஐயா. லேப்ல எல்லாமே வேலை செய்யும்" என்றார்.

அந்த விடையிலேயே எல்லாம் இருக்கிறது என்பது வீடு திரும்பும் வழியில்தான் எங்களுக்கு உறைத்தது. பயிற்சிக்கூடத்தில் எல்லாம் வேலை செய்யும். வலையமைப்புப் பொறியாளரின் பிழைப்போ வேலை செய்யாத பொழுதில்தான் தொடங்குகிறது. எந்த வகைப் பழுதோடு தம் வாழ்நாளைக் கழிக்கப் போகிறார் என்பதுதான் சிறப்புத்துறைத் தேர்வு. அதை ஒரு பழுதையும் கண்டிராதவரிடம், தள்ளுபடிக்குக் கெடு வைத்துக் கேட்பது முறையன்று. அடிப்படை முடித்தவுடன் சிறப்புத்துறை எடுக்கக்கூடாது, ஓராண்டோ ஈராண்டோ பொதுவான பணியில் உழன்ற பிறகே எடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. நாங்கள் சொல்வது பலருக்கு உவக்காது. காரணங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதற்காரணம், கிளைகளுக்கு இடப்படும் பெயர்கள் நிலையானவை அல்ல. சிஸ்கோ நிறுவனம் 1998இல் சிசிஎன்ஏ என்ற தொடக்கநிலைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் அது பல்கிப் பெருகி ரவுட்டிங்-சுவிட்சிங், செக்யூரிட்டி, வாய்ஸ், வயர்லெஸ், டேட்டா சென்டர், கிளவுட் என்று தனித்தனிச் சான்றிதழ்களானது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் 'நான் வயர்லெஸ்', 'நான் வாய்ஸ்' என்று தங்களை அறிமுகம் செய்துகொண்ட காலம் அது. 2020 பிப்ரவரி 24ஆம் நாள் அந்நிறுவனம் இக்கிளைகளையெல்லாம் வெட்டி, சிசிஎன்ஏ என்ற ஒரே பொதுத்தேர்வாக்கிவிட்டது. பாதுகாப்புக்கென்று தனியே தேறியவருக்கும் கம்பியில்லா இணைப்புக்கென்று தனியே தேறியவருக்கும் அந்தப் பொதுச் சான்றிதழே கைக்கு வந்தது. தொடக்கநிலையில் கிளை பிரிப்பது தேவையில்லை என்று விற்றவரே முடிவு கட்டிவிட்ட பிறகும், பயிற்சி நிலையங்கள் கிளை பிரித்து விற்பதை நிறுத்தவில்லை.

இன்னும் பின்னே போனால், 1990களில் நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் கோலோச்சியது. சிஎன்இ என்ற மூன்றெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டவர்களுக்கு இருந்த மதிப்பை எங்களுள் மூத்தவர் கண்ணால் கண்டிருக்கிறார். நெட்வேருக்கென்றே இருந்த ஐபிஎக்ஸ் நெறிமுறையை இன்று இயங்கும் வலையமைப்பில் தேடிப் பார்க்க வேண்டியதுதான். டோக்கன் ரிங் போயிற்று. ஃபிரேம் ரிலே போயிற்று. அவற்றில் தேர்ந்தவர்களெல்லாம் வீழ்ந்துவிட்டார்களா என்றால் இல்லை. ஒரு பொதி எங்கிருந்து எங்கே எப்படிப் போகிறது என்பதை அறிந்தவர்கள் அடுத்த சட்டையை மாட்டிக்கொண்டார்கள். கட்டளைகளை மட்டும் மனனம் செய்தவர்கள்தாம் திண்டாடினார்கள்.

இதற்கு மறுதலையாக, நிலைத்து நிற்பவற்றைப் பாருங்கள். இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பை வரையறுக்கும் ஆவணம் 1981இல் வெளியானது. இந்தக் கட்டுரை உங்களை அடைந்திருப்பதும் பெரும்பாலும் அதன் தோளேறித்தான். இன்றைய தரவு மையங்களில் சுவிட்சுகளை இரண்டடுக்காகப் பின்னும் முறையை ஏதோ புத்தம்புதுக் கலை போல வகுப்பில் நடத்துகிறார்கள். அதன் கணக்கு, பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சார்லஸ் குளோஸ் 1953இல் தொலைபேசி இணைப்பகங்களுக்காக எழுதிய கட்டுரையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்காக ஆயிரக்கணக்கான செயலிகளைக் கோத்து அமைக்கும் கூடங்களிலும் அதே கணக்குதான் வேறு அளவில் பயன்படுகிறது.

இரண்டாவது காரணம்தான் எங்களுக்கு முதன்மையானது. கிளைக்குக் கிளை பழுதின் குணம் வேறு. ஆகவே அதைத் தாங்கும் மனிதரின் குணமும் வேறாக இருக்க வேண்டியிருக்கிறது.

அலுவலகம், மருத்துவமனை, கல்லூரி போன்ற வளாகங்களின் உள் வலையமைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றொன்று இருக்கட்டும் என்று சுவிட்சுகளுக்கிடையே இரண்டு வழிகள் போடுவார்கள். இரண்டு வழி போட்டால் வட்டம் உண்டாகும். வட்டத்தில் புகுந்த பொதி செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றச் சுற்றப் பெருகும். இதைத் தடுக்க, வட்டங்களை முறித்து எல்லாவற்றையும் ஒரு மரமாக்கும் நெறிமுறையை ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது வகுத்து 1985இல் கட்டுரையாக வெளியிட்டார். அந்த ஆய்வுக்கட்டுரையின் முகப்பிலேயே, மரத்தைப் பாடிய ஜாய்ஸ் கில்மரின் புகழ்பெற்ற கவிதையை அடியொற்றி, தம் நெறிமுறையைப் பாடும் ஒரு சிறு கவிதையையும் சேர்த்திருக்கிறார். (ரவுட்டருக்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று புருவம் உயர்த்தியவர்கள் இப்போது இறக்கிக்கொள்ளலாம்.)

அந்த மரம் முறிந்தால் என்னவாகும்? 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை அதைக் கண்டது. பல்லாண்டுகளாகத் துண்டு துண்டாக ஒட்டி வளர்த்த வலையமைப்பு, நெறிமுறை தாங்கக்கூடிய நீளத்தைக் கடந்துவிட்டிருந்தது. ஓர் ஆய்வாளரின் பெருந்தரவு ஒன்று உள்ளே பாய்ந்ததும் வட்டம் விழுந்தது. நான்கு நாட்கள் வரை மருத்துவர்கள் சீட்டில் மருந்தெழுதி, ஆய்வு முடிவுகளை ஆள்வழி கொடுத்தனுப்பிக் காலம் தள்ளினார்கள். இதைப் பின்னர் மறைக்காமல் வெளியே சொன்ன அவர்களுக்கு இத்துறை கடன்பட்டிருக்கிறது. இந்தக் கிளையில் இருப்பவருக்கு வேண்டியது குடும்பத்து மூத்த மருமகளின் குணம். எந்தத் தளத்தில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எவரும் நன்றி சொல்லமாட்டார்கள். பழுதான அன்று மட்டும் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

இணையச் சேவை நிறுவனங்களின் உலகம் இதற்கு நேர்மாறு. அங்கே ஆள்வது பிஜிபி என்னும் நெறிமுறை. 1989இல் கிர்க் லோஹீட், யாக்கோவ் ரெக்டர் என்னும் இருவர் உணவுமேசையில் கைதுடைக்கும் தாள்களில் வரைந்து பார்த்தது இன்றைக்கும் உலகைக் கட்டி வைத்திருக்கிறது. இந்த நெறிமுறை நம்பிக்கையில் ஓடுவது. 'இந்த முகவரிக்கு என் வழியாக வாருங்கள்' என்று ஒருவர் அறிவித்தால், அடுத்தவர் பெரும்பாலும் நம்பிவிடுவார். 2008 பிப்ரவரி 24 அன்று, தம் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க முயன்ற பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் முகவரிகளில் ஒரு பகுதிக்கான வழி தம்மிடம் இருப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு வடிகட்டப்படாமல் வெளியே கசிந்து உலகெங்கும் பரவ, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக யூடியூபுக்குப் போக வேண்டிய போக்குவரத்து பாகிஸ்தானை நோக்கித் திரும்பிற்று. ஊர் வாய்க்காலை அடைக்கப் போய் ஆற்றையே திருப்பிய கதை. இந்தக் கிளையில் அமர்பவர் ஒரு வரியைத் தட்டுமுன் மூன்று முறை படிக்கும் பொறுமை உடையவராக இருக்க வேண்டும். பிழை அவருடைய வளாகத்தோடு நிற்காது, கண்டம் தாண்டும். நடுச்சாமத்தில் முன்பின் அறியாத வேற்று நாட்டுப் பொறியாளரோடு பேசித் தீர்க்கும் நயமும் வேண்டும். எங்களுள் ஒருவர் பதினான்கு ஆண்டுகளாக இதில்தான் இருக்கிறார். கணினி அறிவைக் காட்டிலும் கடிதம் எழுதும் திறமையே பலமுறை தம்மைக் காத்தது என்பார்.

கம்பியில்லா இணைப்பு நடக்கப் பிடித்தவர்களுக்கானது. கிடங்கு கிடங்காக, மாடி மாடியாக அலைக்கருவியைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்று. காலிக் கல்யாண மண்டபத்தில் அருமையாக வேலை செய்த இணைப்பு, முகூர்த்த நேரத்தில் ஆயிரம் பேர் வந்து அமர்ந்ததும் படுத்துவிடும். மனித உடலே அலையை விழுங்கும்; ஆயிரம் கைபேசிகள் ஒரே தடத்துக்கு அடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத பழுதைத் தேடுவதில் இன்பம் காண்போர் சிலர் உண்டு. அவர்களுக்கு இது சொர்க்கம்.

பாதுகாப்புத் துறையைப் பற்றித்தான் இளைஞர்களிடம் மிகையான கற்பனை இருக்கிறது. திரைப்படத்தில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுவதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஃபயர்வாலைப் பேணுபவரின் நாள் பெரும்பாலும் படிப்பதில் போகிறது. ஆயிரக்கணக்கான விதிகள். ஒவ்வொன்றும் என்றோ எவரோ ஏதோ காரணத்துக்காகச் சேர்த்தது. காரணத்தை எழுதி வைத்தவர் அரிது. எடுத்தால் எது விழுமோ என்ற அச்சத்தில் எவரும் எடுக்கமாட்டார். தணிக்கையாளர் வருவார், விளக்கம் கேட்பார். பழைய உரையாசிரியர் மூலபாடத்தில் இடைச்செருகலைத் தேடுவது போன்ற பணி அது. எங்களுக்கு அது பிடிக்கும். அந்த விருதுநகர் இளைஞருக்குப் பிடிக்குமா என்பது அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்பதுதான் எங்கள் வழக்கு.

மேகக் கணிமையைப் பற்றி ஒன்று மட்டும். அங்கே கம்பியும் பெட்டியும் வேறொருவருடையவை, நம்மிடம் இருப்பது ஒரு திரையும் மாதக் கட்டணச் சீட்டும்தான். முகவரிப் பகுப்பும் வழித்தடமும் அறியாமல் அங்கே நேராகப் போனவர்கள், ஒன்று இணையாதபோது எங்கே தொட்டுப் பார்ப்பது என்று அறியாமல் நிற்பதைக் கண்டிருக்கிறோம்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். வங்கி அலுவலராகிய எங்கள் நண்பர் இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்துவிட்டுச் சினந்துகொண்டார். "அடகுச்சீட்டுக்கு மாசா மாசம் வட்டி ஓடுது. நீங்க என்னடான்னா ரெண்டு வருஷம் பொறு, குணம் பாருன்னு எழுதறீங்க." நியாயமான கேள்வி. நாங்கள் வேலைக்குப் போகாதிருக்கச் சொல்லவில்லை. வலையமைப்புக் கண்காணிப்பு மையங்களில் முறைமாற்றுப் பணி ஒன்றில் சேரச் சொல்கிறோம். சம்பளம் குறைவு, இரவுப்பணி உண்டு, உடம்பு கெடும். இவற்றை மறைத்துப் பேசுவது அறமாகாது. ஆனால் ஒரே இரவில் ஒரு கடையின் கம்பிப்பழுது, ஒரு வங்கிக்கிளையின் வழித்தடப் பிழை, ஒரு தொழிற்சாலையின் வயர்லெஸ் நோய் என்று எல்லாக் கிளைகளின் பழுதுகளும் அந்த மேசைக்குத்தான் வந்து சேரும். பணம் கட்டி எந்தப் பயிற்சிக்கூடத்திலும் இதைக் கற்க முடியாது. இங்கே மாதம் பிறந்தால் கையில் ஏதோ வருகிறது. கட்டவிருந்த இரண்டாம் பாடத்தின் கட்டணம் வளையலை மீட்கப் பயன்படட்டும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கடினமானது. கண்காணிப்பு மேசை வேலைகளையே இப்போது நிரல்கள் பார்க்கத் தொடங்கிவிட்டனவே, செயற்கை நுண்ணறிவு வந்த பின்பு அந்த முதற்படியே இருக்குமா என்பது. உண்மைதான். எச்சரிக்கை விளக்கைப் பார்த்து வாடிக்கையாளருக்குத் தொலைபேசி செய்வது மட்டுமே வேலை என்றால், அது நிற்காது. ஆகவே பைத்தானில் பத்து ரவுட்டர்களின் அமைப்பை ஒரே நேரத்தில் சரிபார்க்கும் அளவுக்காவது நிரல் எழுதப் பழக வேண்டும். ஆனால் நிரலே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவோர் 2021 அக்டோபர் 4ஐ நினைவில் கொள்ள வேண்டும். அன்று ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு வலையமைப்பில் வழக்கமான பராமரிப்புக்காக ஒரு கட்டளை இடப்பட்டது. தவறான கட்டளைகளைத் தடுப்பதற்கென்றே ஒரு தணிக்கை நிரல் இருந்தது. அந்த நிரலில் ஒரு பிழை இருந்தது. கட்டளை தப்பிப் போய்விட்டது. தரவு மையங்கள் ஒன்றையொன்று இழந்தன. பெயரை முகவரியாக்கும் வழங்கிகள், தம் நிலை சரியில்லை என்று கருதி, தமக்கான வழிகளைத் தாமே இணையத்திலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டன. வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் காணாமற்போயின. தொலைவிலிருந்து சரிசெய்யும் வழியும் அதே வலையமைப்பில் இருந்தமையால், பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியதாயிற்று. போனவர்கள், எது சரியான நிலை என்று மனத்தில் படம் வைத்திருந்தவர்கள். அந்தப் படம் கிளை நுனியில் நின்று பார்த்தால் கிடைப்பதில்லை.

இலக்கியக் குழுவுக்கே உரிய ஒரு பரிந்துரையையும் சொல்லிவிடுகிறோம். இத்துறையின் மூலநூல்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆர்எஃப்சி என்று அழைக்கப்படும் அந்த ஆவண வரிசை 1969 ஏப்ரலில் தொடங்கியது, இன்றும் தொடர்கிறது. பயிற்சி நிலையத்து நகலேடுகளைப் படிப்போர் பலர், இவற்றைப் படிப்போர் சிலர். உரையை மட்டும் படித்து மூலத்தைத் தொடாத தமிழ் மாணவரைப் பேராசிரியர் என்ன சொல்வார் என்பது எங்களுக்குத் தெரியும். இந்த ஆவணங்களில் நகைச்சுவைக்கும் இடமுண்டு. 1990 ஏப்ரல் முதல் நாள் வெளியான ஒன்று, புறாவின் காலில் பொதியைக் கட்டி அனுப்பும் முறையை முழுக் கம்பீரத்தோடு வரையறுக்கிறது. 2001இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் சிலர் மெய்யாகவே அதைச் செய்து பார்த்தார்கள். அனுப்பியவை ஒன்பது பொதிகள், விடை வந்தவை நான்கு. தூது இலக்கியம் படித்த நமக்கு இந்த விகிதம் ஒன்றும் மோசமாகத் தோன்றவில்லை.

விருதுநகர் இளைஞருக்கு வருவோம். மறுவாரம் நாங்கள் இருவரும் அவரை அழைத்து, முன்னர் வாதிட்டதற்கு வருத்தம் தெரிவித்து, மேலே எழுதியவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "வீட்ல செக்யூரிட்டின்னு சொல்லிட்டேன் அண்ணா" என்றார். கெடு நாள் வந்தது, போயிற்று. பணம் கட்டவில்லை என்று குறுஞ்செய்தி வந்தது. ஆலோசகர் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தாராம். இப்போது அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கண்காணிப்பு மையத்தில் இரவுப்பணி. சம்பளம் அவர் எதிர்பார்த்ததில் பாதிக்கும் சற்று மேல். தந்தைக்கு இன்னும் மனக்குறைதான்.

சென்ற வாரம் விடியற்காலை மூன்றேகாலுக்கு அவரிடமிருந்து ஒரு மடல் வந்திருந்தது. ஒரு வாடிக்கையாளரின் பாதையை டிரேஸ்ரூட் கொண்டு பார்த்தபோது ஐந்தாம் படியில் மூன்று நட்சத்திரக் குறிகள் மட்டுமே தெரிகின்றனவாம், ஆனால் ஆறாம் படியும் ஏழாம் படியும் ஒழுங்காக விடை தருகின்றனவாம். ஐந்தாவது ரவுட்டர் செத்திருந்தால் ஆறாவதுக்குப் பொதி எப்படிப் போயிற்று என்று கேட்டிருந்தார். எங்களுக்கு விடை தெரியும். இன்னும் எழுதவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவரே கண்டுபிடித்துச் சொல்கிறாரா என்று பார்க்கலாம் எனக் காத்திருக்கிறோம்.